இடதா, வலதா?

பி.காம். படித்தவனுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம். ஒன்று தலைவலி. அது பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாதபோது வரும். இன்னொன்று மாரடைப்பு. அது இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வரும்போது வரும். இவ்வளவு மருத்துவ ஞானத்தோடு முப்பத்தைந்து வயசு வரை சௌகரியமாகக் காலம் தள்ளிவிட்டேன். போன மார்கழியில்தான் அக்கா மகள் என்னைப் பிடித்து நோயாளியாகப் படுக்க வைத்து, குறிப்பெழுதப் பழகினாள். ஐந்தாம் நாள் நிஜ நோயாளியே வீட்டில் கிடைத்துவிட்டார். எங்கப்பா!

அக்கா மகளை வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்போம். பாப்பாவுக்கு இருபத்தொரு வயசு. பி.எஸ்ஸி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறாள். இதை வில்பட்டியில் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் கொடைக்கானல் ஏரியை நாலு சுற்று சுற்றிவிடலாம்.

"டாக்டருக்கா படிக்குது?"

"இல்லை பெரியம்மா."

"அப்ப நர்ஸு?"

"அதுவும் இல்லை."

"ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணா? கல்யாணப் பத்திரிகையில என்னய்யா போடுவீங்க?"

நியாயமான கேள்விதான். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்த்து, விசாரித்து, பரிசோதித்து, குறிப்பெழுதி, ஆபரேஷனில் கூட நின்று கைகொடுக்கப் பயிற்சி பெற்றவர்தான் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நாலு பேரை வைத்து 1965-ல் ஆரம்பித்த படிப்பு இது. நம் நாட்டுக்கு அது வந்திறங்கிய இடம் நம்ம சென்னைதான். 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இருதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன் தொடங்கிவைத்தார். 2021-ல் பாராளுமன்றம் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் பட்டியலில் இந்தப் பெயரும் ஏறிவிட்டது. ஆகவே கல்யாணப் பத்திரிகையில் தாராளமாகப் போடலாம்.

பாப்பாவுக்கு அப்போது சர்ஜரி போஸ்டிங். கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கத்தி பிடிப்பதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள் என்று காத்திருந்தால், லீவில் வந்தவள் வாயைத் திறந்ததுமே பேனா பிடிப்பதைப் பற்றித்தான் புலம்பினாள்.

"மாமா, முதல் நாள் எழுதின நோட்ஸை சீஃப் தூக்கி மேஜையில போட்டுட்டாரு மாமா."

"அப்படி என்ன எழுதின?"

"பேஷன்ட் ஃபைன்னு எழுதினேன்."

"அதுல என்ன தப்பு?"

"அதான்! 'ஃபைன்னா? யாருக்கு ஃபைன்? எவ்வளவு ஃபைன்? ரசீது எங்கே?'ன்னு வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி கேட்டாரு மாமா."

எனக்கு அந்த சீஃபை உடனே பிடித்துப்போனது. ரசீது கேட்கிற மனுஷன் எங்கள் ஜாதி!

அவர் சொன்ன பாடம் இதுதான். 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதக் கூடாது. காய்ச்சல் எத்தனை, நாடித்துடிப்பு எத்தனை, பிரஷர் எத்தனை, எத்தனை மில்லி சிறுநீர் போனது, வயிறு மெதுவாக இருக்கிறதா இறுகியிருக்கிறதா, கட்டு நனைந்திருக்கிறதா, காற்றுப் பிரிந்ததா என்று எழுத வேண்டும். படிக்கிறவன் அவனாகவே 'நன்றாக இருக்கிறார்' என்ற முடிவுக்கு வரவேண்டும். கணக்கிலும் இதே கதைதான். 'வியாபாரம் சுமாராகப் போச்சு' என்று லெட்ஜரில் எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

லீவு பத்து நாள். தினமும் சாயங்காலம் நான் கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொள்வேன். பாப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு எழுதிப் பழகுவாள். அம்மா மட்டும் வாசல்படியில் நின்று, "திடகாத்திரமா இருக்கிறவனைப் படுக்கவச்சு நோயைக் கேட்டு எழுதாதீங்கடா, அச்சானியம்" என்று திட்டிக்கொண்டே இருப்பார்.

"மாமா, இதுக்குப் பேரு சோப் நோட்."

"லைஃப்பாயா, ஹமாமா?"

"போங்க மாமா. நாலு எழுத்து. எஸ், ஓ, ஏ, பி."

வாசகர்களுக்காக என் பாஷையில் சொல்கிறேன். 'எஸ்' என்பது சப்ஜெக்டிவ். நோயாளி தன் வாயால் சொன்னது. கணக்கில் வியாபாரி தரும் வாக்குமூலம். 'ஓ' என்பது அப்ஜெக்டிவ். நாமே பார்த்தது, தொட்டது, அளந்தது. அதாவது குடோனுக்குள் போய் மூட்டையை எண்ணிப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுக்கும் முடிவு 'ஏ', அசெஸ்மென்ட். இனி என்ன செய்யப்போகிறோம் என்பது 'பி', பிளான். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1960-களில் உருவாக்கிய முறை இது. 1968-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகமெங்கும் பரவியது. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம், எக்ஸ்ரே ஒரு பக்கம், டாக்டர் கிறுக்கியது ஒரு பக்கம் என்று கிடந்ததை, நோயாளியின் பிரச்னை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு போட்டு ஒழுங்குபடுத்தச் சொன்னவர் அவர். தலைப்புவாரியாகக் கணக்கு எழுதுவதை எங்களுக்கு லெட்ஜர் என்று சொல்லித்தந்தார்கள். வீட் அவர்கள் பி.காம். சேர்ந்திருந்தால் முதல் வருஷமே கண்டுபிடித்திருப்பார்!

இதில் பாப்பாவுக்கு இருந்த பெரிய தொல்லை தமிழ்தான். இங்கிலீஷில் 'பெயின்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நம் ஜனங்களுக்கு அது போதுமா? சுருக் சுருக்கென்று குத்தும். விண்விண்ணென்று தெறிக்கும். கடுக்கும், இழுக்கும், பிசையும், எரியும், மந்தமாகக் கிடக்கும். ஒரு பாட்டி, "வயித்துக்குள்ள யாரோ உரல் இடிக்கிறாங்கம்மா" என்றாளாம். பாப்பா 'வயிற்று வலி' என்று எழுதிவிட்டாள். சீஃப் பாட்டியிடம் போய் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்து, "விட்டு விட்டு வர்ற வலின்னு அந்தம்மா உனக்குத் தெளிவா சொல்லிருக்கு. உலக்கை மேல போய்த்தானே கீழ வரும்? நீதான் அதை முழுங்கிட்ட" என்றாராம். பிசையும் வலி குடலில் இருந்து வரலாம், எரிச்சல் இரைப்பையில் இருந்து வரலாம். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டு, அப்புறம் உன் வார்த்தையை எழுது என்பது அன்றைய பாடம்.

இன்னொரு நாள் நடந்ததைச் சொல்லும்போது பாப்பாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது. காலை ரவுண்ட்ஸுக்குள் பதினைந்து பேருக்குக் குறிப்பு எழுத வேண்டும். நேரமில்லை. ஒருவருக்கு முந்தின நாள் எழுதியிருந்த 'நெஞ்சு தெளிவாக இருக்கிறது' என்பதையே இன்றைக்கும் எழுதிவிட்டாள். சீஃப் ஒன்றும் பேசவில்லை. ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, நோயாளியின் முதுகில் வைத்தார். அடியில் கரகரவென்று சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல் இருந்ததில் சளி கட்ட ஆரம்பித்திருந்தது.

"அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல மாமா. நான் பொய் எழுதணும்னு நினைக்கல. ஆனா எழுதினது பொய்தானே?"

அவளைச் சமாதானப்படுத்த மறுநாள் காலையில் வானியல் ஆய்வகப் பக்கம் நடந்து போனோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் அப்சர்வேட்டரி. டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு போட்டோ ஸ்பாட். 1899-ல் தொடங்கப்பட்ட இடம். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்து, இன்றைக்கும் அது அவர் பெயரில் வழங்குகிறது. அதைவிட எனக்கு ஆச்சரியம், 1904 முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து வைத்திருப்பதுதான். நூறு வருஷத்துக்கும் மேலான சூரியனின் கேஸ் ஷீட்! உலகத்து விஞ்ஞானிகள் இன்றும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

"ஆனா பாப்பா, கொடைக்கானல்ல மேகம் மூடற நாள் எத்தனை? அன்னைக்கெல்லாம் என்ன பண்ணிருப்பாங்க?"

"படம் எடுத்திருக்க முடியாது."

"நேத்து எடுத்ததையே ஒரு காப்பி போட்டு இன்னைக்குத் தேதி எழுதி வச்சிருக்கலாமே? சூரியன் எங்கே போயிடப்போகுது?"

பாப்பா கொஞ்ச நேரம் அந்தக் குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "வெற்றிடமா விட்டாத்தான் மீதி நாளை நம்ப முடியும்" என்று முனகினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாமா, மக்காச்சோளம் வாங்கித் தாங்க" என்றாள். ஆள் சரியாகிவிட்டாள் என்று எழுதிக்கொண்டேன்.

இனி அப்பா.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. கேரட்டும் பூண்டும் போடுகிற சின்ன விவசாயி. அன்றைக்கு சாயங்காலம் பூண்டு மூட்டை ஒன்றைத் தூக்கிவிட்டு வந்தவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அடிவயித்துல அம்மியைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். வாயு என்றார் அம்மா. வாயு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் வாயு என்றேன். ஜனநாயகம்! பாப்பா மட்டும் வாட்சைப் பார்த்தாள். மணி 6.10. நோட்டை எடுத்து முதல் வரியாக அதை எழுதினாள்.

ஏழரைக்கு ஒரு தடவை வாந்தி. எட்டரைக்கு இன்னொன்று. தாத்தாவைத் தனியாக அறைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்த பாப்பா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய வீக்கம். கல்லாட்டம் இருந்தது. தொட்டாலே வலி. பல வருஷமாக அப்பாவுக்கு அங்கே குடலிறக்கம் இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும் என்பதால், வேட்டி மடிப்புக்குள்ளேயே ரகசியமாக வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார். இன்றைக்கு வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டுவிட்டது. கழுத்து இறுகினால் மூச்சு நிற்பது மாதிரி, அங்கே இறுகினால் குடலுக்கு ரத்தம் நின்றுவிடும். மணிக்கணக்கில் விட்டால் குடல் அழுகிப்போகும்.

"மாமா, வண்டிக்கு போன் பண்ணுங்க. அமுக்கி உள்ளே தள்ளறேன்னு யாரும் கை வைக்கக் கூடாது. நான் அதுக்குள்ள எழுதிடறேன்."

பயத்தில் எனக்குக் கோபம் வந்தது. "இந்த நேரத்துல என்ன எழுத்து?"

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நம்மால முடிஞ்சது அது ஒண்ணுதான்."

நான் போன் செய்துவிட்டு வந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா."

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்களே, அதுக்கு?"

"அந்த ரெண்டா? அது மாத்திரையா? அது வழக்கம்!"

அந்த இரண்டில் ஒன்று குளோபிடோக்ரெல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. ஸ்டென்ட் வைத்தபோது தந்த ஃபைல் எங்கே என்று தேடினால், காகிதங்கள் போன இடம் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் அம்மா ரேஷன் கார்டையும் கேஸ் புத்தகத்தையும் வைத்திருந்தார். நல்லவேளையாக மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்டது அன்று காலை 8 மணி என்று எழுதிக்கொண்டாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க தாத்தா?"

"மத்தியானம் ஒரு மணிக்கு. அப்புறம் பச்சைத்தண்ணி பல்லுல படல."

பாப்பா எழுதினாள். எழுதிவிட்டுக் குனிந்து முகர்ந்தாள். அவள் அடுத்து எழுதிய இரண்டு வரிகளை அப்படியே தருகிறேன்.

'எஸ்: மதியம் 1 மணிக்குப் பிறகு எதுவும் உட்கொள்ளவில்லை என்கிறார்.
ஓ: வாயில் பூண்டு வாசனை.'

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கம் அன்றைக்குத்தான் மதிப்புக் கொடுத்தது. அம்மா அதைப் பல காலமாக சர்வரோக நிவாரணியாக நடத்திவருகிறார். "அரை டம்ளர்தான் குடுத்தேன்... பூண்டுப்பால்... வாயு கலையுமேன்னு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை மணிக்கு? யோசித்து, டி.வி.யில் சீரியல் ஆரம்பித்த நேரம் என்றார். மணி 8. அதையும் எழுதினாள் பாப்பா. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அரை டம்ளர் பாலுக்கும் கணக்கு வேண்டும்.

"மாமா, ஒருதரம் படிச்சுக்காட்டுங்க. நான் டென்ஷன்ல இருக்கேன்."

படித்தேன். வலி தொடங்கியது 6.10. வாந்தி இரண்டு தடவை. நாடித்துடிப்பு 104. 'வலது தொடை இடுக்கில் வீக்கம், கடினம், தொட்டால் வலி, உள்ளே போகவில்லை.'

படித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தேன். அவர் வாட்ச் கட்டிய கையால் இடுக்கை அமுக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். அப்பா எந்தக் கையில் வாட்ச் கட்டுவார்?

"பாப்பா... அது இடது பக்கம் இல்லையா?"

பாப்பா நோட்டைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்ததில், அவளுக்கு வலப்பக்கமாகத் தெரிந்தது அவருக்கு இடப்பக்கம். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நான் அவசரமாக, "அடிச்சுட்டு மேலேயே 'இடது'ன்னு அழுத்தி எழுதிடு, தெரியாது" என்று சொல்லப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேரேட்டில் அழித்து எழுதக் கூடாது என்று படித்தவன் நான். அழித்த பக்கத்தைத்தான் ஆடிட்டர் முதலில் புரட்டுவார்.

பாப்பாவே செய்தாள். 'வலது' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 'இடது', 'தவறாக எழுதியது'. கையெழுத்து, தேதி, மணி 9.20.

அதற்குள் 108 வந்துவிட்டது. முதலில் ஊர் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்து, ட்ரிப் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஆபரேஷனுக்குக் கீழே அனுப்பக் கடிதம் எழுதினார். அப்புறம் மலைப்பாதை. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பெருமாள்மலை தாண்டியதும் பனி வண்டியை மூடிக்கொண்டது. வளைவுக்கு வளைவு அப்பா முனக, ஆம்புலன்ஸ் பையன் சின்ன விளக்கு வெளிச்சத்தில் அவனும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தான். பிரஷர் இத்தனை, நாடி இத்தனை, மணி இத்தனை. அந்த ஆட்டத்திலும் கையெழுத்துப் புரிந்தது!

கீழே ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் பாப்பாவின் தாளை வாங்கிக்கொண்டார். "நீங்க யாரு?" என்றார். "பேத்தி" என்றாள். "படிக்கிறீங்களா?" "ஆமா சார். ஆனா இங்கே பேத்தி மட்டும்தான்." அந்த ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்து எழுத அவளுக்கு உரிமை கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் தாள்தான் அப்பாவைக் காப்பாற்றியது என்று எழுதினால் பாப்பா சண்டைக்கு வருவாள். டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். அவரே பரிசோதித்தார். ஆனால் அப்பா அவரிடமும், "மாத்திரை ஒண்ணும் கிடையாதுங்க" என்றுதான் சொன்னார். தாளில் குளோபிடோக்ரெல் இருந்தது. மயக்க டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு, முதுகுத்தண்டில் ஊசி போடுவதில்லை, முழு மயக்கம்தான் என்று முடிவு செய்தார். ரத்தம் உறையாத ஆளுக்கு முதுகுத்தண்டில் ரத்தம் கசிந்து கட்டினால் கால் விளங்காமல் போய்விடலாமாம். ஒரு வரி! சாமி படத்துக்குப் பின்னால் இருந்த ஒரு அட்டை!

சர்ஜன் வந்தார். தாளைப் படித்துக்கொண்டே வந்தவர், கோடு போட்ட இடத்தில் நின்றார். பாப்பாவின் தலை கவிழ்ந்துவிட்டது.

"இதை யாரு கண்டுபிடிச்சது?"

"மாமா, சார். திருப்பிப் படிக்கச் சொன்னேன்."

"கிழிச்சுட்டு வேற தாள்ல எழுதிருக்கலாமே? ஏன் எழுதல?"

"நேரம் இல்ல சார்" என்றாள். பிறகு, "இருந்தாலும் எழுதிருக்க மாட்டேன் சார்" என்றாள்.

சர்ஜன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, அப்பாவிடம், "ஐயா, எந்தப் பக்கம்? நீங்களே கையால காட்டுங்க" என்று கேட்டு, இடது பக்கம் அம்புக்குறி போட்டார். பிறகு என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், குடல் கெட்டிருந்தால் வெட்டவேண்டி வரலாம் என்று தமிழில் சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது இன்னொரு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2008-லேயே சொல்லியிருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா தானாகப் பேசினாள். "வீக்கம் கண்ணுக்குத் தெரியுது மாமா. என் தாளைப் பார்த்து யாரும் பக்கம் மாத்தி வெட்டிருக்க மாட்டாங்க. ஆனா நாளைக்கு நான் எழுதற ஆளுக்கு வீக்கம் வெளிய தெரியாது. சிறுநீரகமா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்."

உள்ளே இப்போது என்ன நடக்கும் என்று கேட்டேன், பேச்சை மாற்ற. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அறையைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒரு தடவை, ஆள் யார், என்ன ஆபரேஷன், எந்த இடம், பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார்களாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பத்தொன்பது அம்சப் பட்டியல். டில்லி உள்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் நடத்திப் பார்த்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். பட்டியலுக்கு முன்பு இறந்தவர்கள் 100-க்கு 1.5. பிறகு 0.8. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒரு தாள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த தசம புள்ளியைக் கேட்டபோது, பி.காம். படித்ததில் முதல்முறையாக ஒரு எண்ணைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

நாலு மணிக்கு சர்ஜன் வெளியே வந்தார். குடல் கறுத்திருந்ததாம். இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியில் வைத்துக் காத்திருந்ததில் நிறம் திரும்பிவிட்டது. வெட்ட வேண்டியிருக்கவில்லை. "ஆறு பத்துக்கு ஆரம்பிச்ச வலின்னு தெரிஞ்சதால, எவ்வளவு நேரம் போயிருக்குன்னு கணக்கு இருந்தது" என்றார் பாப்பாவிடம். அவ்வளவுதான் பாராட்டு. அவளுக்கு அதுவே ஒரு வருஷத்துக்குப் போதும்.

அடுத்த மூன்று நாளும் நான் மகாராஜா. ஏனென்றால் வரவு செலவுக் கணக்கு என் பொறுப்பு. ட்ரிப்பில் இத்தனை மில்லி உள்ளே, சிறுநீர்ப் பையில் இத்தனை மில்லி வெளியே. சாட்சாத் ரிசீட்ஸ் அண்ட் பேமெண்ட்ஸ் அக்கவுண்ட்! நர்ஸ் எழுதுவதற்குப் போட்டியாக நானும் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதினேன். உடம்பு எடை கிலோவுக்கு, மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் போகவேண்டும். அப்பா அறுபது கிலோ. ஆக மணிக்கு 30 மில்லி. ஒரு மணிக்கு 28 வந்தால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும். இரண்டாம் நாள் கணக்கு இடித்தது. விசாரித்ததில் அம்மா யாருக்கும் தெரியாமல் இரண்டு ஸ்பூன் காபி கொடுத்திருக்கிறார். கணக்கில் வராத வரவு!

மூன்றாம் நாள் காலை 5.40-க்கு அப்பாவுக்குக் காற்றுப் பிரிந்தது. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உலகத்தில் எந்த மனுஷனின் அந்தச் சத்தத்துக்கும் ஒரு குடும்பமே இப்படிக் கைதட்டியிருக்காது. பாப்பா நோட்டை நீட்டி, "நீங்களே எழுதுங்க மாமா" என்றாள். எழுதினேன். தேதி, மணி, என் கையெழுத்து.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லாக் காகிதத்துக்கும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டோம். வாசகர்களும் கேளுங்கள். உள்நோயாளியின் குறிப்புகளை டாக்டர்கள் மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ல் மெடிக்கல் கவுன்சில் போட்ட விதி. உறைக்குள் ரேஷன் கார்டு வைப்பது மட்டும் வேண்டாம்.

புது ஃபைலை அப்பா பட்டாவும் பத்திரமும் இருக்கிற டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். பாப்பாவின் தாளும் அதில்தான் இருக்கிறது. அவள் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, எல்லாம் நல்லா எழுதிருக்க. அந்தப் பூண்டு வரியை மட்டும் அடிச்சிரு கண்ணு. நாளப்பின்ன நாலு பேரு பார்த்தா என்னைய என்ன நினைப்பாங்க?"

"அது தப்பு இல்லையே அம்மாச்சி. தப்பா இருந்தாத்தான் அடிக்கணும்."

"சரி, சும்மாவாச்சும் ஒரு கோடு போட்டு வையேன்."

"போடலாம். ஆனா கோடு போட்டாலும் கீழ இருக்கறது தெரியும் அம்மாச்சி."

அம்மா தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார். "அரை டம்ளர்னு எழுதலையே நீ. முழு டம்ளருன்னுல்ல நினைப்பாங்க?" என்றார்.

பாப்பா பேனாவைத் திறந்தாள். அளவு: அரை டம்ளர். கையெழுத்து, தேதி, மணி.